மறு: ‘அனார்க்கி’ காலத்துக்குத் தமிழ்ச் சொல்

> நார்மன் இங்கிலாந்தின் ‘அனார்க்கி’யை (1135–1153) ‘அராஜகக் காலம்’ என்றே எழுதிவிடலாமா?

வணக்கம் ஐயா,

சொல்லைப் பிரித்தால் சரிதான்; ராஜா இல்லாதது அராஜகம். ஆனால் ‘ரவுடிகள் அராஜகம்’ என்று செய்தித்தாளில் படித்துப் பழகிய மாணவருக்கு அடாவடி என்ற பொருள்தான் மனதில் விழும். ‘அரசின்மை’ என்றால், அரசே வேண்டாம் என்கிற கொள்கையோடு குழம்பும்.

அதைவிட, அங்கே அரசர் இல்லாமல் போகவில்லை. அரியணைக்கு ஆள் இரண்டு. மன்னர் முதலாம் ஹென்றிக்கு முறைப்படி பிறந்த ஒரே மகன் வில்லியம் 1120இல் ‘வெள்ளைக் கப்பல்’ என்ற கப்பல் மூழ்கி இறந்தான். மகள் மெட்டில்டாவை ஏற்பதாகப் பிரபுக்களிடம் ஹென்றி சத்தியம் வாங்கினார். 1135 டிசம்பரில் அவர் கண்மூடியதும், சத்தியம் செய்தவர்களில் ஒருவரான சகோதரி மகன் ஸ்டீஃபன் முந்திக்கொண்டு அந்த மாதமே முடிசூடிக்கொண்டார். 1141இல் லிங்கன் போரில் ஸ்டீஃபன் பிடிபட்டார். சரி, இனி மெட்டில்டாதான் என்று பார்த்தால், முடிசூட வந்தவரை லண்டன் நகரத்தார் திரண்டு விரட்டினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு கோட்டை முற்றுகையில் சிக்கியவர், பனியோடு பனியாகத் தெரிய வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, உறைந்துகிடந்த தேம்ஸை நடந்தே கடந்து தப்பினார். பிரிஸ்டலில் அவர் பெயரில் காசு அடித்தார்கள். ஸ்டீஃபன் பெயரிலும் காசு வந்துகொண்டிருந்தது.

அதனால் ‘இருகோல் காலம்’ என்று முன்மொழிகிறேன். செங்கோலும் கொடுங்கோலும் பழகிய காதுக்கு விளக்கம் தேவைப்படாது. ‘இரட்டையாட்சி’ இன்னும் எளிது, ஆனால் 1919 சீர்திருத்தத்துக்கு அதைக் கொடுத்துவிட்டோம். மக்கள் பட்ட பாடு இந்தச் சொல்லில் இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் ‘அனார்க்கி’யும் பிற்கால வரலாற்றாசிரியர்கள் வைத்த பெயர்தானே. அதையே மொழிபெயர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை.

அப்புறம், மன்னரின் அனுமதியில்லாமல் பிரபுக்கள் எழுப்பிய கோட்டைகள். ‘உரிமம் பெறாத கோட்டை’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருப்பது நகராட்சி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கள்ளச்சாவி, கள்ள ஓட்டு, கள்ள நோட்டு வரிசையில் ‘கள்ளக்கோட்டை’ என்போமே! லத்தீனில் அவற்றுக்கு வைத்த அடைமொழியும் கள்ளக்காசுக்கு வழங்கியதுதான். மக்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு இந்தக் கோட்டைகளிலிருந்து வந்ததால், ‘இருகோல்’ சொல்லாமல் விட்டதை இது சொல்லிவிடும்.

இரண்டையும் பட்டியலில் சேர்க்கலாமா, ஐயா?