குரூப்பா, சப்மாடலா? லெகோ டிசைனில் உங்கள் அனுபவம் என்ன?

நான் கணினியில் லெகோ ரயில் செட் டிசைன் செய்பவன். பல பீஸ்களை ஒன்றாக வைக்க இரண்டு வழி: சும்மா சேர்த்துப் பிடித்து வைத்தால் குரூப், தனிப் பெயரில் ஒரு குட்டி மாடலாக வைத்தால் சப்மாடல். பெட்டிக்கு இரண்டு சக்கரத் தொகுதி. சக்கரம், அச்சு, பக்கத் தகடு எல்லாம் சேர்ந்தது ஒரு தொகுதி. இதை குரூப்பாக வைத்துக் காப்பி எடுத்தால் ஒவ்வொரு காப்பியும் தனி. ஒன்றில் தகட்டை மாற்றினால் மற்றவை பழையபடியே நிற்கும். சப்மாடலாக வைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், வண்டி முழுக்க மாறிவிடும். முதல்முறை அதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!

ஏன் இப்படி என்று எல்டிரா கோப்பை (லெகோ டிசைன்களைச் சேமிக்கும் ஒரு கோப்பு வகை) நோட்பேடில் திறந்து பார்த்தேன். ஒரு பிரிக்குக்கு ஒரு வரி. 1 என்று தொடங்கும், அப்புறம் நிற எண், இடத்துக்கு மூன்று எண்கள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு ஒன்பது எண்கள், கடைசியில் பிரிக்கின் கோப்புப் பெயர். சப்மாடலுக்கும் அதே மாதிரிதான் ஒரு வரி! அதாவது நாம் கட்டிய மொத்தத் தொகுதியும் மென்பொருளுக்கு இன்னொரு பிரிக், அவ்வளவே. எம்எல்கேட் என்ற டிசைன் மென்பொருளில் போடும் குரூப் அப்படியில்லை. ‘இந்தப் பீஸ் இந்தக் குரூப்பைச் சேர்ந்தது’ என்று 0-வில் தொடங்கும் குறிப்பு வரிகள்தான். அந்தக் குறிப்பு புரியாத மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் சப்மாடலையே நம்புங்கள்.

இன்னொன்று, நிற எண் 16. சப்மாடலுக்குள் இருக்கும் பீஸுக்கு இந்த எண்ணைக் கொடுத்தால், வெளியே சப்மாடலுக்கு என்ன நிறம் கொடுக்கிறோமோ அதை எடுத்துக்கொள்ளும். ஒரே ஜன்னல் சட்டம், ஒரு பெட்டியில் சிவப்பு, அடுத்ததில் பச்சை. நான் பயன்படுத்தும் எல்டிகேட் மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

சப்மாடலின் தொடக்கப்புள்ளியை ஒரு ஸ்டட்டின் (பிரிக்கின் மேலே இருக்கும் குமிழ்) நடுவில் வையுங்கள். ஸ்டட்டுக்கு ஸ்டட் எல்டிரா கணக்கில் 20 அலகு, அதாவது 8 மி.மீ. பிளேட் என்ற மெல்லிய பீஸின் உயரம் 8 அலகு, பிரிக் 24. புள்ளி எங்கோ ஓரத்தில் இருந்தால், திரையில் உள்ள கட்டக் கோடுகளோடு ஒட்டும்போது மொத்தமும் அரைகுறையாக விலகி நிற்கும்.

பதில்:

எனக்கு குரூப்தான் கை கொடுக்கிறது. கோட்டை கட்டும்போது உள் அறையில் வேலை என்றால் முன்சுவரை குரூப்பாக்கி மறைத்துவிடுவேன், முடிந்ததும் குரூப்பைக் கலைத்துவிடுவேன். அதற்கெல்லாம் சப்மாடல் எதற்கு? கீல் வைத்த கதவும் அப்படித்தான். பலகை, பூட்டு, கைப்பிடி எல்லாம் ஒரு குரூப்பில் இருந்தால் ஒரே கிளிக்கில் மொத்தமும் பிடிபடும், ஒன்றுகூட விட்டுப்போகாது.

லெகோ நிறுவனம் 2022-ல் தன் லெகோ டிஜிட்டல் டிசைனர் மென்பொருளைக் கைவிட்டு ஸ்டூடியோ என்ற மென்பொருளுக்கு மாறச் சொன்னது. அதனால் அந்த டிசைனரில் சேமித்த பழைய எல்எக்ஸ்எஃப் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அது உண்மையில் ஒரு ஜிப். பெயரின் வாலை மாற்றித் திறந்தால் உள்ளே ஒரு படமும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பும் இருக்கும். குரூப்களுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. பழைய மாடலை எப்படிப் பிரித்து வைத்திருந்தோம் என்று அதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

பதில்:

நீங்கள் சொல்வது சரிதான் அண்ணா, தற்காலிக வேலைக்கு குரூப் போதும். ஆனால் செய்முறைப் புத்தகம் போடுவதாக இருந்தால் கட்டாயம் சப்மாடல்தான். அது தனிக் கட்டத்துக்குள் தனிப் படிகளாக வரும், பக்கத்தில் எத்தனை வேண்டும் என்ற எண்ணோடு. எதை சப்மாடலாக்குவது என்பதற்கு நான் பார்ப்பது இரண்டே விஷயம்: கையில் எடுத்தால் உதிராமல் நிற்க வேண்டும், ஒரே திசையில் அழுத்தினால் மாடலில் பொருந்த வேண்டும். திரையில் பீஸுக்கு எடை கிடையாது, அந்தரத்தில்கூட நிற்கும். அதனால் கூரை, பால்கனி இரண்டையும் நிஜப் பிரிக்கில் ஒருமுறை கட்டிப் பார்த்த பிறகே தனி சப்மாடலாக்குகிறேன்.