மரக்கறி ஏற்றின டொல்பின் (டொயோட்டா ஹைஏஸ்) வேன், நாற்றம் போகுதில்ல

நுவரெலியா:
கழுவ வந்த வேன். வெளியே காய்ந்த சேறு, உள்ளே அழுகின கோவா (முட்டைக்கோஸ்) நாற்றம். எங்க தொடங்குறது அண்ணே?

ஹட்டன்:
துணியை இப்ப தொடாதீங்க தம்பி. சேற்றுல மணல் இருக்கு, தேய்ச்சா பெயின்ட்ல கோடு விழும். தண்ணியடிச்சு ஊறவிட்டு, பிரஷர் கன்னை ஓரடி தள்ளிப் பிடிங்க. டயர் வளைவுக்குள்ள கட்டிச்சேறு நிக்கும், அங்கதான் துரு பிடிக்கும். பிறகு ஷம்பூவுக்கு ஒரு வாளி, துணி அலச வேற வாளி. என்ஜின் முன்சீட்டுக்குக் கீழ. அந்த மூடியைத் திறந்து கன் அடிக்காதீங்க, பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் போயிடும்.

பண்டாரவளை:
நாற்றம் கார்பட்டுக்கு அடியில. சீட்டைக் கழற்றி, கார்பட்டைத் தூக்கிப் பாருங்க, ஊறின பஞ்சு தெரியும். கிளீனர் 1க்குத் தண்ணி 10, பிரஷ் போட்டு வெட் வேக்குவமால உறிஞ்சுங்க. சென்ட் அடிக்கிறது வீண்செலவு.

நுவரெலியா:
வேன்காரருக்கு நாளைக்கே வேணுமாம்.

பண்டாரவளை:
முடியாதுன்னு சொல்லுங்க. இந்தக் குளிர்ல கார்பட் காய ரெண்டு நாளாவது வேணும். ஈரத்தோட மூடினா பூஞ்சணம்.