தொடக்ககால அமெரிக்க இலக்கியம்: எதிலிருந்து வாசிக்கத் தொடங்குறது?

முறிகண்டி_வாசகி:
வெளிவாரிப் பட்டத்துக்கு ஆங்கிலம் செய்யிற கொஞ்சப் பேர் கிளிநொச்சியில் சேர்ந்து வாசிக்கிறம். அடுத்தது அமெரிக்காவின் குடியேற்றக் காலமும் புரட்சிக் காலமும். ஆண்டு ஒழுங்கில் ஜோன் ஸ்மித், பிராட்ஃபோர்ட் எண்ட ஆரம்பக் குடியேற்றத் தலைவர்களின் எழுத்தில் தொடங்கினால் நாலாம் பக்கத்திலேயே எல்லாரும் களைச்சுப் போகினம். வேறு எந்த ஒழுங்கில் போகலாம்? போதகர் ஜோனதன் எட்வேர்ட்ஸின்ரை 'கோபங்கொண்ட கடவுளின் கைகளில் பாவிகள்' பிரசங்கத்தை இலக்கியமாக எடுத்து எப்படி எழுதுறது? வாசிப்பு முழுக்கப் போனில்தான். எந்தப் பிரதியை நம்பலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஓமந்தை_ஆசிரியர்:
தங்கச்சி, ஆண்டு ஒழுங்கை விடுங்கோ. முதலில் மேரி ரோலண்ட்சன். 1676 பெப்ரவரியில் மசாசுசெற்ஸில் லங்காஸ்ரர் எண்ட ஊர் பூர்வகுடி மக்களால் தாக்கப்பட்டபோது பிள்ளைகளோடு பிடிபட்டு, பதினொரு கிழமை காடு மேடாக அலைஞ்சு, 20 பவுண் மீட்புப் பணத்தில் விடுபட்டவ. 1682 இல் அச்சான அவவின் நூல் இருபது இடப்பெயர்வுகளாகப் பிரிஞ்சு கிடக்கு. வன்னியில் அதுக்குப் பின்னணி விளக்கம் கனக்கத் தேவைப்படாது.

ஒவ்வொரு இடப்பெயர்விலும் மூன்றைக் குறியுங்கோ: என்ன சாப்பிட்டா, ஆர் தந்தது, எந்த வேத வசனத்தை எடுக்கிறா. முதல் கிழமை வாயில் வைக்கேலாத சாப்பாடு மூன்றாம் கிழமையில் ருசிக்கத் தொடங்குது. தன்னைப் பிடிச்ச ஆக்களை மிருகங்கள் எண்டு திட்டுறா; ஆனால் அவையின் தலைவர் மெற்றாகொமின்ரை மகனுக்குச் சட்டை தைச்சுக் குடுத்து ஒரு ஷில்லிங் வாங்கினதையும் மறைக்காமல் எழுதுறா. அவவின் இறையியல் ஒண்டு சொல்லுது, அன்றாடக் கணக்கு வேறொண்டு சொல்லுது. கட்டுரைக்கு அதைப் பிடியுங்கோ.

பிறகு பிராங்கிளின் தன்வரலாற்றின் முதல் பகுதி (1771 இல் எழுதினது), அடுத்தது புரட்சிக்கு ஆதரவாய் எழுதின தோமஸ் பெய்ன். அதுக்குப் பிறகு பிராட்ஃபோர்டுக்குத் திரும்புங்கோ, அப்ப அவர் கனக்க மாட்டார்.

மாணவர் அதிகம் பிழைவிடுறது ஆண்டில்தான். கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கோ: எழுதின ஆண்டு, முதல் அச்சான ஆண்டு, அச்சான ஊர். பிராட்ஃபோர்ட் பிளிமத் குடியேற்ற வரலாற்றை 1630 இல் தொடங்கினார். கையெழுத்துப் பிரதி புரட்சிக் காலத்தில் காணாமல் போய், பிறகு லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அகப்பட்டு, 1856 இல்தான் முழுசாக அச்சேறிச்சு. மசாசுசெற்ஸ் ஆளுநர் வின்ரொப்பின் 1630 ஆம் ஆண்டுப் பிரசங்கம் அச்சானது 1838 இல். எட்வேர்ட் ரெயிலரின் கவிதைகள் 1930களின் கடைசி வரைக்கும் ஏறக்குறைய ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் 'வின்ரொப்பின் பேச்சு புரட்சிக்காரருக்கு வழிகாட்டியது' எண்டு எழுதினால் புள்ளி போகும். அந்தக் காலத்துச் சனம் உண்மையில் கையில் வைச்சு வாசிச்சது விகிள்ஸ்வேர்த்தின் 'தீர்ப்பு நாள்' எண்ட நெடுங்கவிதை (1662), ரோலண்ட்சன், பிராங்கிளினின் பஞ்சாங்கம், பெய்ன்.

நெடுங்கேணி_நூலகன்:
எட்வேர்ட்ஸுக்கு வாறன். 1741 யூலை 8, கனெற்றிகற்றில் என்ஃபீல்ட் எண்ட ஊர். நியூ இங்கிலாந்துப் பிரசங்கத்துக்கு உறுதியான எலும்புக்கூடு உண்டு: வேத வசனம், அதிலிருந்து எடுத்த கோட்பாடு, அதைச் சபையில் பொருத்துறது. முதலில் பென்சிலால் இந்த மூன்றையும் பிரியுங்கோ. வசனம் உபாகமம் 32:35, உரிய காலத்தில் அவர்களின் கால் சறுக்கும் எண்ட பொருள்.

பிறகு சுட்டுப்பெயர்களை மட்டும் பின்தொடருங்கோ. கோட்பாட்டுப் பகுதியில் பேச்சு 'அவர்கள்', 'பொல்லாத மனிதர்' எண்டு தூரத்தில் நிக்குது. பொருத்தும் பகுதியில் 'நீங்கள்' எண்டு திரும்பி, கடைசி வரைக்கும் விடுறதில்லை. சபை அலறினதில் அவர் இடையில் நிறுத்தவேண்டி வந்தது எண்டு அங்கே இருந்த ஒரு போதகரின் நாட்குறிப்புச் சொல்லுது. கத்திப் பேசி வந்த அலறல் இல்லை, இந்தத் திருப்பம் செய்த வேலை.

உவமைகளில் எல்லாரும் நெருப்பின் மேல் பிடிச்ச சிலந்தியைத்தான் எழுதுவினம். அணைகட்டின வெள்ளத்தை எடுங்கோ: தண்ணி ஏற ஏற அழுத்தம் கூடுது, கதவைத் திறக்கிற கை கடவுளின்ரை. இரணைமடு நிரம்பி வான்கதவு திறக்க முந்தின நாள் குளக்கட்டில் நிண்ட ஆளுக்கு அந்தப் பந்தி உடனே பிடிபடும். அமைதியாய்க் கிடக்கிற நீரைக் காட்டியே பயமுறுத்துறார்.

இன்னொண்டு: 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் இதே நியூ இங்கிலாந்துச் சபை மரபில் வந்த ஆக்கள். இந்தப் பிரசங்க வடிவம் எங்களுக்கு அவ்வளவு தூரமில்லை.

குளக்கட்டு:
பிரதிகளைப் பற்றி. வாசிக்க, பழைய நூல்களை இலவசமாய்த் தாற கூட்டன்பேர்க் தளத்தின் வெறும் எழுத்துக் கோப்பு காணும், டேட்டாவும் தின்னாது. மேற்கோள் எடுக்க முதல் ஸ்கான் பிரதியோடு ஒப்பிடுங்கோ. பழைய அச்சில் சொல்லின் நடுவில் வாற 'எஸ்' நீளமாய் 'எஃப்' மாதிரி இருக்கும். கணினி அதைப் பிழையாய் வாசிக்கும், தேடினால் சொல் அகப்படாது.

பிரித்தானியாவிலிருந்து பிரியச் சொல்லுற பெய்னின் பிரசுரம் 'கொமன் சென்ஸ்' 1776 சனவரி 10 இல் பிலடெல்பியாவில் பெயரில்லாமல் வந்தது. பதிப்பாளரோடு பிணக்குப்பட்டு, பெப்ரவரியில் வேறு அச்சகத்தில் பெருப்பிச்சார். பின்னிணைப்பும் போரை ஏற்காத குவேக்கர் எண்ட கிறிஸ்தவப் பிரிவினருக்கான பகுதியும் இருந்தால் அது பிந்தின வடிவம். எது எண்டு குறிச்சுக்கொள்ளுங்கோ.

திகதியிலும் கவனம். 1752 வரைக்கும் ஆங்கிலேயருக்கு ஆண்டு தொடங்கினது மார்ச் 25. ரோலண்ட்சன் தன்ரை நூலில் 1675 பெப்ரவரி எண்டுதான் எழுதுறா, நாங்கள் 1676 எண்டுறம். இரண்டும் சரி.

கவிஞர் ஃபிலிஸ் வீற்லியை விட்டிடாதேங்கோ. 1761 இல் ஏழெட்டு வயதில் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமையாய் பொஸ்ரனுக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளை. பொஸ்ரனில் நூல் போட ஆதரவு காணாமல் 1773 இல் லண்டனில் அச்சாச்சு. கவிதைகள் அவதான் எழுதினவ எண்டு பொஸ்ரன் பிரமுகர் 18 பேர் கையெழுத்திட்ட பக்கம் முன்னுக்கு இருக்கும். அதைத் தாண்டிப் போகாமல், சுதந்திரப் பிரகடன வரைவில் ஜெபர்சன் அடிமை வியாபாரத்தைக் கண்டிச்சு எழுதி, குடியேற்றங்களின் பேரவை (காங்கிரஸ்) வெட்டின பந்தியோடு சேர்த்து வாசியுங்கோ.

முறிகண்டி_வாசகி:
நன்றி சேர்மார். கவிஞர் ஆன் பிராட்ஸ்ரீற்றை எங்கே வைக்கிறது? 1650 பதிப்பு அலுப்படிக்குது.

ஓமந்தை_ஆசிரியர்:
1650 லண்டன் பதிப்பு, மைத்துனர் கொண்டுபோய் அவவுக்குத் தெரியாமல் போட்டது. சாம்ராச்சியங்கள், நிலம் நீர் நெருப்பு காற்று எண்ட நாலு பூதங்கள் எண்டு நீளுற அந்தக் கவிதைகளை இப்ப விடுங்கோ. அவ இறந்தபிறகு பொஸ்ரனில் 1678 இல் வந்ததில் கணவனுக்கு எழுதின கவிதையும், தன் நூலைப் பிள்ளையாய் வைச்சுத் திருத்துற கவிதையும் இருக்கு, அதுகளில் தொடங்குங்கோ. 1666 இல் வீடு எரிஞ்ச கவிதையை அதில் தேடாதேங்கோ, அது 1867 பதிப்பில் இருக்கு. ரோலண்ட்சன் முடிஞ்ச கையோடு வாசிச்சால் நல்லது, வீடு எரியிறதில்தான் ரண்டும் தொடங்குது.