சென்னையில் புது இண்டி பேண்டுகளை எங்கே பிடிப்பது? நாம் கொடுக்கும் 300 ரூபாய் அவர்களுக்குப் போய்ச் சேருகிறதா?

தாமிரபரணித்_தண்ணி

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலி, வேலைக்காகச் சென்னை வந்து எட்டு மாதம் ஆகிறது, துரைப்பாக்கத்தில் மூன்று பேரோடு அறை. ஊரில் இருந்தபோது கபேர் வாசுகியையும் காஸ்ட்லெஸ் கலெக்டிவையும் யூடியூபில் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, சென்னைக்குப் போனால் வாரம் ஒரு கச்சேரி நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்த எட்டு மாதத்தில் பார்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளைப் பாடும் பேண்ட். நன்றாகத்தான் பாடினார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்க 600 ரூபாய் கொடுத்து ஈசிஆர் வரை போவானேன், எங்கள் தெருக் கல்யாணத்திலேயே கேட்கலாமே.

ஸ்பாட்டிஃபையை நம்பியும் பார்த்தேன். ஒரு இண்டிப் பாட்டை, அதாவது சினிமாவையோ பெரிய கம்பெனியையோ சாராத பாட்டைத் தேடிப் போட்டால், நாலாவது பாட்டில் மறுபடி அனிருத் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

இரண்டு கேள்விகள். சொந்தமாகப் பாட்டு எழுதி வாசிக்கும் புதுப் பேண்டுகள் எங்கே வாசிக்கிறார்கள், அது நமக்கு எப்படித் தெரிய வரும்? அப்புறம், நான் டிக்கெட் வாங்கினால் அதில் அவர்கள் கைக்கு ஏதாவது போகிறதா, இல்லை எல்லாம் இடத்துக்காரருக்குத்தானா?

பெரம்பூர்_பேஸ்

பகலில் கணக்கர், ராத்திரியில் பேஸ் கிட்டார். அதனால் இரண்டாவது கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன்.

எங்களுடைய போன நிகழ்ச்சிக் கணக்கு இது. டிக்கெட் 300. வந்தது 62 பேர், அதில் 9 பேர் ‘கெஸ்ட் லிஸ்ட்’, அதாவது எங்கள் டிரம்மருடைய சித்தப்பா குடும்பம். ஆக 53 பேர், 15,900 ரூபாய். இடத்துக்கு 30 சதவீதம், 4,770 போனது. சவுண்ட் வாடகையும் மிக்ஸரில் உட்காருகிறவர் கூலியும் சேர்த்து 5,000. மிச்சம் 6,130, இரண்டு பேண்டுக்கும் சரிபாதி, எங்களுக்கு 3,065. அதற்கு முந்தின வாரம் ஜாம் ரூமில் மணிக்கு 400 வீதம் ஆறு மணி நேரம் ஒத்திகை, 2,400. கிட்டார் ஆம்ப்ளிஃபையரை ஏற்றி வந்த ஆட்டோ 350. கையில் நின்றது 315 ரூபாய், நாலு பேரும் பரோட்டா சாப்பிட்டோம். எனவே உங்கள் கேள்விக்குப் பதில்: போய்ச் சேருகிறது, பரோட்டாவாக.

ஆனால் அன்றைக்கு வாசலில் ஒரு மேசை போட்டு டி-ஷர்ட் விற்றோம். அடக்கம் 260, விலை 450, பதினான்கு போனது. 2,660 லாபம், அதுதான் அடுத்த பாட்டின் மிக்ஸிங் செலவுக்கு உதவியது. ஆகவே வாசலில் மேசையும் கியூஆர் அட்டையும் இருந்தால் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். டிக்கெட்டை விட அந்த மேசைதான் எங்களுக்குச் சோறு.

ஆன்லைனில் கேட்பது பற்றி. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் அதற்குக் காசே கணக்கில் வரும். எங்களுடைய ஏழு பாட்டில் மூன்று இன்னும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. பேண்டுகளே நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் நல்ல ஏற்பாடு, டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம்தான் அவர்கள் எடுப்பது, ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ என்று அறிவிக்கும் நாட்களில் அதையும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், அந்தப் பணம் பேண்டுக்கு வருவது பேபால் என்ற ஆன்லைன் பணச் சேவை வழியாக, அது 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளேயான பணப்பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. இங்கிருந்து இங்கேயே வாங்கப் போய்ப் பணம் நடுவழியில் நின்றால், பேண்டுக்கே இன்ஸ்டாகிராமில் எழுதி யுபிஐ எண் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கணக்கர் என்பதால் இன்னொன்று. இசை நிகழ்ச்சி டிக்கெட் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது, தாண்டினால் 18 சதவீதம். நிறைய டிக்கெட் 499-இல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு_பில்டர்காபி

சென்னையில் பேண்டாவது மண்ணாவது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூருக்கு ரயில் ஏறுங்கள் ப்ரோ, பிரச்சினை தீர்ந்தது.

மவுண்ட்ரோடு_ரிட்டர்ன்ஸ்

@இன்னொரு_பில்டர்காபி, இதை நான் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஜங்க்யார்ட் குரூவ், ஸ்க்ராட், எஃப்16ஸ் எல்லாம் இந்த ஊரில் கிளம்பின பேண்டுகள்தான். அவ்வளவு ஏன், ரஹ்மானே சினிமாவுக்கு முன்னால் சிவமணியோடு ‘ரூட்ஸ்’ பேண்டில் கீபோர்டு வாசித்தவர், ‘நெமிசிஸ் அவென்யூ’ என்று தனியாக ஒரு ராக் குழுவும் வைத்திருந்தார். பேண்டுக்குப் பஞ்சமே இல்லை. நிரந்தரமாக வாசிக்க ஓர் இடம் இல்லை, அதுதான் எங்கள் ஊர் வியாதி. ஒரு கஃபே சூடு பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார், இரண்டு வருடத்தில் அங்கே மொபைல் கடை இருக்கும். அதனால் இடத்தைப் பின்தொடராதீர்கள், ஆட்களைப் பின்தொடருங்கள்.

தம்பி, உங்களுக்கு ஒரு குறுக்குவழி. பிடித்த பேண்ட் ஒன்றே ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அதன் டிரம்மர் யார் என்று பாருங்கள். வீட்டில் டிரம் செட் வைத்து அடிக்க விடுகிற அப்பா அம்மா எத்தனை பேர்? அதனால் நல்ல டிரம்மருக்கு எப்போதும் தட்டுப்பாடு, ஒருத்தரே மூன்று நாலு பேண்டில் அடிப்பார். அவருடைய இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைப் பார்த்தாலே ஊரில் பாதிக் கச்சேரி தெரிந்துவிடும். மீதிப் பாதி சவுண்ட் பார்க்கிறவரிடம் இருக்கும். நான் இப்படித்தான் ஐந்தாறு பேண்டைக் கண்டுபிடித்தேன், எந்த ஆப்பும் சொல்லவில்லை.

இரண்டாவது, நேரத்துக்குப் போங்கள். திறந்தவெளியில் ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருட ஒலி மாசு விதி, அதனால் எல்லாவற்றையும் முன்னால் இழுத்துத்தான் வைப்பார்கள். ஏழு மணிக்கு முதலில் ஏறுவது யாருக்கும் பெயர் தெரியாத பேண்டாக இருக்கும், நீங்கள் தேடுவது அவர்களைத்தான். நம் ஆட்கள் எட்டரைக்கு வந்து பார்க்கிங் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வருடத்தில் சில நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் 21 உலக இசை நாள், 1982-இல் பிரான்ஸில் தொடங்கியது, நுங்கம்பாக்கம் அலையன்ஸ் பிரான்சேஸ் அதையொட்டிப் பேண்டுகளை வாசிக்க வைப்பதுண்டு. ஜனவரியில் ஐஐடி மாணவர்களின் கலைவிழா சாரங். பொங்கல் சமயத்தில் அரசு நடத்தும் சென்னை சங்கமம், அது நாட்டுப்புறக் கலைதான், காசு கிடையாது, ஆனால் அங்கே பறை கேட்டுவிட்டு வந்தால் நம் ராக் டிரம்மர்கள் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

வியாசை_விண்மீன்

அண்ணன்கள் இருவரும் சொன்னது சரி, ஆனால் எல்லாமே நுங்கம்பாக்கம், ஐஐடி என்று பாலத்துக்கு அந்தப் பக்கமே சுற்றுகிறதே! நான் பாலத்துக்கு இந்தப் பக்கம், வடசென்னை வியாசர்பாடி. லேபிள் இல்லாமல், கம்பெனி இல்லாமல், சொந்தமாகக் கட்டின பாட்டை ஆட்களுக்கு முன்னால் நேராகப் பாடுவதுதான் இண்டி என்றால், இந்தப் பக்கம் அதை யாரும் இண்டி என்று கூப்பிடாமலே எத்தனையோ வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம், அதற்குப் பெயர் கானா. என் தாத்தா இறந்த ராத்திரி தெருவில் ஷாமியானா போட்டு விடிய விடியப் பாடினார்கள். தாத்தா எந்த டீக்கடையில் கடன் வைத்திருந்தார் என்பது வரைக்கும் பாட்டில் வந்தது, பாட்டி அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பாட்டு மறுநாள் கிடையாது, எங்கேயும் பதிவு இல்லை.

@தாமிரபரணித்_தண்ணி, காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பிடிக்கும் என்கிறீர்கள். இயக்குநர் பா. ரஞ்சித் அண்ணனின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டின குழு அது, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். கானா, பறை, ராப், கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். அந்த மேடையிலிருந்து வந்த கானாப் பாடகி இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இருந்தார். அந்த வருட டிசம்பரிலிருந்து நீலம் நடத்துகிற ‘மார்கழியில் மக்களிசை’க்குப் போங்கள். ஒரே சாயங்காலத்தில் பத்துப் புதுப் பெயர் கிடைக்கும், ஒவ்வொருவரையும் அங்கேயே போனில் தேடி ஃபாலோ செய்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மறந்துபோகும். எனக்கு அப்படி ஒரு ஒப்பாரிப் பாடகி பெயர் கைநழுவிப் போய்விட்டது, இன்னும் தேடுகிறேன்.

பெரம்பூர்_பேஸ்

@வியாசை_விண்மீன், ஒப்புக்கொள்கிறேன். நானும் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான், வாசிக்கப் போவது மட்டும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வாடகைக்கு மேடை கிடைப்பதில்லை.

கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பேண்டுகளை இலவசமாக வாசிக்கச் சொல்லும் இடங்களில், வாசிக்கிறவர்களுக்குக் காசு உண்டா என்று நீங்களும் கேளுங்கள். ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், ஒன்றரை மணி நேரம் வாசித்தோம், கூட்டம் நிரம்பியது, கல்லாவில் நல்ல ஓட்டம். முடிந்ததும் “நல்ல எக்ஸ்போஷர் கிடைச்சுதுல்ல?” என்று இரண்டு பிளேட் சில்லி சிக்கன் அனுப்பினார்கள். எங்கள் பாடகர் சைவம்.

தாமிரபரணித்_தண்ணி

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை ஒரு வழியாகப் போய்விட்டேன், மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடி, டிக்கெட் 250. சொன்னபடி ஆறே முக்காலுக்கே போனதில் நான் மட்டும்தான், ஸ்பீக்கரில் ஒரு ‘உய்ங்’ சத்தம், அதை நிறுத்த மூன்று பேர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் குற்றவாளி ஒரு ஃபிரிட்ஜ்.

முதல் பேண்ட் ஏறும்போது நாங்கள் இருபத்து மூன்று பேர். இரண்டாவது பாட்டில் கிட்டார் கம்பி அறுந்தது, மாற்றுக் கம்பி இல்லை, அந்தப் பெண் மீதி ஐந்து கம்பியிலேயே சுருதி மாற்றி வாசித்தார். ஒரு பாட்டு பல்லாவரம் சந்தையைப் பற்றி, பழைய மிக்சி விற்கிறவர் பேசுவது போல எழுதியிருந்தார்கள். வரும்போது பஸ்ஸில் அதைத் தேடினால் எங்கேயும் இல்லை, இன்னும் பதிவே செய்யவில்லையாம். எட்டரைக்கு மேல் வந்தவர்கள் கேட்கவே இல்லை.

டி-ஷர்ட் மேசையில் எக்ஸ்எல் மட்டும்தான் மிச்சம் இருந்தது. வாங்கிவிட்டேன், இரண்டு பேர் போடலாம். டிரம்மரிடமும் பேசினேன், வருகிற வியாழன் வேறொரு பேண்டோடு நுங்கம்பாக்கத்தில் அடிக்கிறாராம். துரைப்பாக்கம், பெருங்குடி பக்கம் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், திரும்பி வர ஆட்டோவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.