லேசரா, டியூப் மட்டமா? பில்லர் குறியில் 4 மி.மீ. இடிக்கிறது

கேள்வி:
9-க்கு 12 மீட்டர் கட்டடம். பிளிந்த் பீமுக்கு (தரைமட்டத்தையொட்டிப் பில்லர்களை இணைக்கும் கான்கிரீட் உத்தரம்) முன் எல்லாப் பில்லரிலும் ஒரே உயரத்தில் மட்டக் குறி போடவேண்டும். வெயிலில் லேசர் மட்டக் கருவியின் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. கண்ணாடிபோல் தெரியும் டியூபில் தண்ணீர் விட்டு, இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்பதை வைத்துப் பில்லர் பில்லராகப் போனால், சுற்றி முதல் பில்லருக்குத் திரும்பும்போது குறி 4 மி.மீ. இறங்கியிருக்கிறது. எதை நம்புவது?

பதில் 1:
டியூபையே நம்புங்கள், பிடிக்கும் முறையை மாற்றுங்கள். பில்லருக்குப் பில்லர் தாவினால் ஒவ்வொரு தாவலிலும் அரை மில்லி, ஒரு மில்லி சேர்ந்துகொண்டே போகும். ஒரு முனை முதல் பில்லரை விட்டு நகரவே கூடாது, மறுமுனைதான் சுற்றவேண்டும். எதிர்மூலைக்கு 15 மீட்டர் வருவதால் 20 மீட்டர் டியூப் எடுங்கள். உள்விட்டம் 8 முதல் 10 மி.மீ. சரி. அதைவிடச் சன்னமானால் குமிழி வெளியேறாது.

வாளியை உயரத்தில் வைத்து, உறிஞ்சி இழுத்து நிரப்புங்கள். இரு முனையிலும் ஓர் அடி காலியாக இருக்கட்டும். பிறகு இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் பெரும்பாலும் உள்ளே குமிழி இருக்கும். நகரும்போது இரண்டையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது இரண்டும் திறந்திருக்கவேண்டும். தண்ணீரின் ஓரம் சற்று ஏறி நடு குழிந்திருக்கும். இருவரும் குழியின் அடியையே பார்க்கவேண்டும். ஒருவர் ஓரத்தையும் மற்றவர் அடியையும் பார்த்தால் ஒன்றிரண்டு மில்லி அங்கேயே போய்விடும்.

வழியில் தண்ணீர் சிந்தினாலும் பரவாயில்லை. முதல் பில்லரில் நிற்பவர் டியூபை ஏற்றி இறக்கித் தண்ணீரைக் குறிக்கு நேராகக் கொண்டுவந்து குரல் கொடுத்தபின் மறுமுனையில் கோடு போடுங்கள்.

பதில் 2:
வெயிலை விட்டுவிட்டீர்களே! சூடான தண்ணீர் எடை குறைந்தது. ஒரு முனை நிழலில் 30 டிகிரி, மறுமுனை வெயிலில் 45 டிகிரி என்றால், ஒரு மீட்டர் செங்குத்து உயரத்துக்குச் சூடான பக்கம் 5 மி.மீ. அளவுக்கு உயர்ந்து நிற்கும். தரை சமமாக இருந்தால், கிடையாகக் கிடக்கும் பகுதி சுட்டாலும் கணக்கில் வராது. நிமிர்ந்து நிற்கும் இரண்டு துண்டும்தான் முக்கியம். காலை 8 மணிக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் புதுத் தண்ணீரை ஓடவிட்டு உடனே பாருங்கள். குறியை எவ்வளவு தாழ்வாக வைக்கிறீர்களோ அவ்வளவு பிழை குறையும்.

பதில் 3:
உள்ளே டைல்ஸ் ஒட்ட லேசர் அருமையான சாமான். சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கு மட்டம் கொண்டுபோக டியூப்தான். கையோடு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள், இரண்டும் சரியாக 15 மீட்டர் வரவேண்டும். பில்லர் செங்குத்தா என்று பார்க்கத் தூக்குக்குண்டு (நூலில் தொங்கும் எடைக்குண்டு) விடும்போது காற்றில் ஆடினால் குண்டை வாளித் தண்ணீரில் முக்குங்கள், சட்டென்று அடங்கும். வாளியின் பக்கத்தில் மட்டும் முட்டக்கூடாது.