புதுப்பிப்பு: நாத்தங்கால்ல மஞ்சள் திட்டு, காரணம் நூற்புழு

கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். யூரியா, சிங்க் சல்பேட் போட்டும் நெல் நாத்து திட்டுத்திட்டா வெளுக்குதுன்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

"மருந்துக்கடைக்கு ஓடாதீங்க, நாத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்க"ன்னு சத்தியமங்கலத்து அண்ணா சொன்னதுதான் சரி. வேர் நுனியெல்லாம் தூண்டில் முள்ளாட்டம் வளைஞ்சு வீங்கியிருந்துச்சு. பரிசோதனையில நெல் வேர்முடிச்சு நூற்புழுன்னு (கண்ணுக்குத் தெரியாத நுண்புழு, வேர்ல முடிச்சு உண்டாக்கும்) உறுதியாச்சு. இதோட குஞ்சு வேர் நுனி வழியா நுழைஞ்சு, உள்ள சில செல்களைப் பெருசா வீங்க வச்சு அதுலயே தீனி எடுக்குது. வேர் இப்படிக் கெட்டா, உரம் போட்டு என்னங்க பிரயோசனம்?

புது நாத்தங்காலை வேற இடத்துல போட்டு, கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யற பாக்டீரியா) கலந்தேன். நட்ட வயல்ல தண்ணி வத்தவே விடலை. அந்த நாத்துல வீக்கம் அரிதாத்தான் தெரியுது. இதுல சூடோமோனாஸ் பங்கு எவ்வளவு, இடம் மாத்தினது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

எதிர்பாராதது: பழைய நாத்து கொஞ்சத்தை ஒரு மூலையில நட்டிருந்தேன். தண்ணி நின்னும் அதுல முடிச்சு குறையலை. வெள்ளம் நின்னா மண்ணுல இருக்கற குஞ்சு புதுசா வேருக்குள்ள நுழையறதுதான் தடைபடும். ஏற்கெனவே உள்ள இருக்கறது வேருக்குள்ளயே முட்டையிட்டு, பொரிச்சு, வெளிய வராமலே பெருகிக்குமாம். காய்ச்சலும் பாய்ச்சலுமா, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணி கட்டறவங்க இந்தப் புழு இருக்கற வயல்ல கொஞ்சம் யோசிங்க.

வரப்புல குதிரைவாலிப் புல்லைப் பிடுங்கினா அதோட வேர்லயும் அதே முடிச்சு! அதையும் ஒழிச்சாகணும். எள்ளு வேர்ல இந்தப் புழு பெருகாதுங்கறதால, அந்த மூலைக்கு அடுத்த போகம் எள்ளுதான்.