மறுமொழி: வெட்டுக்கிளியின் பாய்ச்சலுக்கு என்ன சொல்?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

சக்தியை மெதுவாகச் சேர்த்து வைத்து ஒரு கணத்தில் விட்டுப் பாயும் வெட்டுக்கிளியின் முறைக்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்று ஒரு கிழமையாக நடக்கும் இந்தப் பேச்சில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: கவண் பொறிமுறை, மீள்சக்திப் பாய்ச்சல், வில்லுதைப்பு, உண்டிவில் முறை. ஐந்தாவதாக நான் ஒன்றை வைக்கிறேன்: தேக்கெறிவு. ஏன் இந்தச் சொல் என்று விளக்க, இதற்கான தேவை எனக்கு வந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டாம் தரத்தில் விசை, இயக்கம், சக்தி மூன்றையும் உயிருள்ளவற்றை வைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படுவான்கரையிலிருந்து பாதையில் வாவியைக் கடந்து வரும் பையன் ஒருவன், வயல் வரம்பில் பிடித்த வெட்டுக்கிளியை யோகட் கோப்பைக்குள் போட்டு, மூடியில் ஊசியால் நாலு துளை குத்திக் கொண்டுவந்தான். (வெளியூர் நண்பர்களுக்கு: பாதை என்பது இங்கே வாவியைக் கடக்க உதவும் மிதவைப் படகு.) கோப்பையைக் கவிழ்த்து மேசையில் விட்டோம். உடனே பாயவில்லை. பின்கால்கள் இரண்டையும் மடித்து, கீழ்க்கால் தொடையோடு ஒட்டும்வரை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றது. கைவில்லையால் பார்த்த பிள்ளைகளுக்கு முழங்கால் மூட்டின் பக்கத்தில் பிறை போல ஒரு கறுத்தக் கீறு தெரிந்தது. அடுத்த கணம் மேசை வெறுமை. வெட்டுக்கிளி ஜன்னல் சட்டத்தில் இருந்தது. புறப்பட்டதை ஒருவரும் காணவில்லை.

"பாயிறதுக்கு முந்தி அது என்ன செய்துகொண்டு நிண்டது, சேர்?"

கொண்டுவந்த பையன்தான் கேட்டான். பாய்ச்சல் தொடங்கியபின் நடப்பதற்கெல்லாம் நம்மிடம் சொல் இருக்கிறது. கால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தரை காலை முன்னுக்குத் தள்ளுகிறது, தாக்கம், மறுதாக்கம். அவன் கேட்டதோ அந்தக் காத்திருப்பைப் பற்றி. அதற்கு நான் நாலு வசனம் சொல்ல வேண்டியிருந்தது, ஒரு சொல்லும் கைக்கு வரவில்லை.

நடப்பது இதுதான். தசை மெதுவாகச் சுருங்கும்போது பெரிய விசை தரும். வேகமாகச் சுருங்க வேண்டி வந்தால் விசை குறைந்துவிடும். பிரித்தானிய உடலியலாளர் ஏ. வி. ஹில் 1938இல் தவளைத் தசையை வைத்து அளந்து காட்டிய உறவு இது. வேகமும் வேண்டும், விசையும் வேண்டும் என்றால் தசையை மட்டும் நம்பிப் பயனில்லை. வெட்டுக்கிளி என்ன செய்கிறதென்றால், தொடைக்குள் இருக்கும் பெரிய நீட்டும் தசையையும் சிறிய மடக்கும் தசையையும் ஒரே நேரத்தில் இறுக்குகிறது. கால் முழுதாக மடிந்திருக்கும் நிலையில் நெம்புக் கணக்கு சிறிய தசையின் பக்கம் சாய்ந்திருப்பதால், அது பெரிய தசையை மறித்து வைத்திருக்க முடிகிறது. கால் அசைவதில்லை. ஆனால் பிள்ளைகள் கண்ட அந்தப் பிறைத் தகடு வளைகிறது, தசையின் நாண் இழுபடுகிறது. சிறிய தசை தளர்ந்ததும் வளைந்தது நிமிர்கிறது, கால் உதைக்கிறது.

கணக்கை எழுதிப் பார்த்தால் இன்னும் தெளியும். பாலைவன வெட்டுக்கிளியை ஆய்வுகூடங்களில் நன்றாக அளந்திருக்கிறார்கள். 2 கிராம் திணிவுள்ள ஒன்று செக்கனுக்கு 3 மீற்றர் கதியில் புறப்படுகிறது என்று வையுங்கள். இயக்கசக்தி 9 மில்லியூல். அதைச் சேர்க்க ஏறத்தாழ 0.4 செக்கன் போகிறது. விடுவதற்கு ஏறத்தாழ 0.03 செக்கன். 9ஐ 0.4ஆல் வகுத்தால் 22.5 மில்லிவாற்று, 0.03ஆல் வகுத்தால் 300 மில்லிவாற்று. ஏறத்தாழ 13 மடங்கு. சக்தி ஒரு துளியும் கூடவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் வெப்பமாகப் போய்க் குறைந்திருக்கும். கூடியது வலு, அதாவது ஒரு செக்கனில் வெளிவரும் சக்தியின் அளவு. சக்திக்கும் வலுவுக்கும் என்ன வித்தியாசம் என்பதை இதைவிடத் துப்புரவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஊர்ப் பேச்சில் வலுவான ஆள் என்றால் பலசாலி. அந்தப் பொருளோடுதான் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள்.

பலகையில் இந்தக் கணக்கு இருக்கும்போது, உன்னிச்சைக் குளத்தைப் பற்றிச் சொன்னேன். கார்த்திகை, மார்கழி மழை நாள்கணக்காகப் பெய்து குளம் நிரம்புகிறது. நிரம்பும்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வான்கதவு திறந்தால் அதே தண்ணீர் வீதியை மேவி ஓடுகிறது. அம்பாறைப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய்வரும் பிள்ளைகள் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தைக் கண்டிருக்கிறார்கள். "வெட்டுக்கிளிக் காலுக்குள்ள குளம் இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னாள். தேக்கு என்ற வேர் எனக்கு அங்கேதான் வந்தது.

இனி எறிவு. பாய்ச்சல் என்று முடிக்கலாமே என்று திருகோணமலை அக்கா கேட்டிருந்தார். பாய்வன மட்டும் இந்த வேலையைச் செய்திருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். கும்பிடுபூச்சியைப் போல முன்கால் மடித்திருக்கும் ஒருவகைக் கடல் இறால், அந்தக் காலில் சக்தியைத் தேக்கி, பிறகு விட்டு அடித்துச் சிப்பியை உடைக்கிறது. இருந்த இடத்திலிருந்து பாய்வதில்லை. சில எறும்புகள் தாடையை இப்படி மூடுகின்றன. எறிதல் என்ற நம் சொல்லோ கல்லை வீசுவதற்கும் ஆகும், அடிப்பதற்கும் ஆகும். முரசெறிதல் என்று பழைய நூல்களில் வருவது முரசை அடிப்பதைத்தான். வெட்டுக்கிளி தன்னையே எறிகிறது, இறால் முன்காலை எறிகிறது. ஒரே வினை இரண்டையும் தாங்குகிறது.

செடியையும் தாங்குகிறது. பள்ளிக்கூட வேலியோரம் ஊதாப் பூப் பூக்கும் பட்டாசுக்காய்ச் செடியை எல்லோரும் அறிவீர்கள். காய்ந்து கபில நிறமான காயைப் பொறுக்கி, நுனியில் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். சில செக்கன் ஒன்றும் நடக்காது. பிறகு டப் என்று இரண்டாகப் பிளந்து விதை கன்னத்தில் அடிக்கும். காய் உலரும்போது அதன் சுவர் உள்ளுக்குள் இழுபட்டுச் சக்தியைத் தேக்கிவிட்டது. நுனியின் ஒட்டு மட்டும் அதை மறித்து வைத்திருக்கிறது. ஈரம் பட்டதும் ஒட்டு இளகுகிறது. அதில் தசை இல்லை, நரம்பு இல்லை. ஆகவே தசை என்றோ கால் என்றோ தொடங்கும் எந்தச் சொல்லும் இங்கே நொண்டும். வில்லுதைப்பு அழகான சொல், யாழ்ப்பாணத்து ஆசிரியைக்கு என் மரியாதை. ஆனால் விதை உதைப்பதில்லை. அதோடு மேலுதைப்பு என்று திரவத்தில் மிதக்கும் பொருளுக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருப்பதால், பிள்ளை இரண்டையும் ஒரே குடும்பம் என்று எண்ணிவிடும்.

கவண் பற்றிச் சென்னை நண்பருக்கு ஒரு வார்த்தை. கவண் என்பது கயிற்றில் கல்லை வைத்துச் சுழற்றி விடுவது. அங்கே கையின் வேலை சுற்றுக்குச் சுற்று நேரே கல்லின் இயக்கசக்தியாகச் சேர்கிறது; வளைந்தோ நீண்டோ சக்தியைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் எதுவும் இல்லை. நாம் தேடும் கருத்தின் நடுப்பகுதியே அதில் கிடையாது. உண்டிவில் அப்படியல்ல, மிகச் சரியான உவமை. எங்கள் பிள்ளைகள் கெற்றப்போல் என்பார்கள். றப்பரை மெல்ல இழுக்கிறோம், விரல் மறிக்கிறது, விட்டால் பறக்கிறது. பாடத்தின் முதல் வரியில் அதைத்தான் வைப்பேன். ஆனால் கலைச்சொல்லாக நிற்க, அதிலிருந்து வினையும் பெயரடையும் பிறக்க வேண்டும். உண்டிவில்லை வைத்துக்கொண்டு வெட்டுக்கிளி என்ன செய்கிறது என்று ஒரு வினையில் சொல்லிப் பாருங்கள், முடியாது. தேக்கெறி என்றால் முடியும்: வெட்டுக்கிளி தேக்கெறிகிறது, தேக்கெறி கால், தேக்கெறி காய்.

மீள்சக்திப் பாய்ச்சலில் எனக்கு இன்னொரு இடைஞ்சல், சக்தி என்ற பகுதி. இங்கே இலங்கையில் சக்தி என்பதை அங்கே தமிழ்நாட்டில் ஆற்றல் என்கிறார்கள். இங்கே வலு, அங்கே திறன். இங்கே ஆர்முடுகல், அங்கே முடுக்கம். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அன்று ஒரே மேசையில் இருந்து பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒருவர் பாடநூலை மற்றவர் வாசிக்கத் தடுமாறுகிறார்கள். அதை நினைக்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. பழைய பிரிவை நாம் சேர்க்க முடியாவிட்டாலும், புதிதாக ஆக்கும் சொல்லிலாவது அந்தப் பிரிவை ஏற்றாமல் விடலாம். தேக்குவதும் எறிவதும் மட்டக்களப்பிலும் மதுரையிலும் ஒன்றுதான். தேக்கு மரம் நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். முதல் நாள் ஒரு பிள்ளை கேட்கும், குளத்தைச் சொன்னால் இரண்டாம் நாள் கேட்காது.

கல்முனை வைத்தியர் ஐயா எழுப்பியதுதான் கடினமான கேள்வி. மனிதர் ஓடும்போதும் குதிக்கால் நாண் இழுபட்டுச் சக்தியைச் சேர்த்துத் திருப்பித் தருகிறதே, அதுவும் தேக்கெறிவுதானே என்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். விலங்குகளின் இயக்கத்தை ஆய்ந்த அலெக்சாண்டர் குழுவினர் 1987இல் போட்ட மதிப்பீட்டில், நடுத்தர வேகத்தில் ஓடும் ஒருவர் ஒவ்வொரு அடியிலும் இழந்து பெறும் சுமார் 100 யூலில் 35 யூலைக் குதிக்கால் நாணும் 17 யூலைப் பாதத்தின் வளைவும் சேர்த்து மீட்டுத் தருகின்றன. இது பெரிய தொகை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மறித்து வைக்கும் பூட்டு இல்லை. கால் ஊன்றும்போது சேர்கிறது, எடுக்கும்போது திரும்புகிறது, சேரும் நேரமும் திரும்பும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் கிடைப்பது சிக்கனம். வெட்டுக்கிளிக்குக் கிடைப்பது வலு. பயன் வேறாக இருக்கும்போது பெயரும் வேறாக இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது. ஓட்டத்துக்கு மீளளிப்பு என்று சொல்லலாமா, ஐயா? வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது என்ற பொருள் அதில் நேரே இருக்கிறது.

சரி, ஒன்று இன்னும் மிச்சம். அந்த மறிக்கும் பகுதிக்கும் ஒரு சொல் வேண்டும். வெட்டுக்கிளியில் அது சின்னத் தசை, காயில் ஒட்டு, உண்டிவில்லில் விரல். தடை என்று எழுதினால் மின்பாடத்துத் தடையோடு மோதும். கொளுக்கி எல்லோருக்கும் தெரியும், ஆனால் காயில் கொளுக்கி எங்கே இருக்கிறது? குளம் என்று சொன்ன அதே பிள்ளை "அது துருசு" என்றாள். எங்கள் வயல்காரர் குளத்தின் மதகைத் துருசு என்றுதான் சொல்வார்கள், எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் சித்த வைத்தியத்தில் துருசு என்றால் மயில்துத்தம். வேதியியல் பாடத்தில் அது தலைகாட்டினால் குழப்பம். மதகு என்றே வைத்தால் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கலாம், ஆனால் இங்கே வாயில் வராத சொல்.

வன்னியில் என்ன சொல்கிறார்கள்? யாழ்ப்பாணத்தில்? தஞ்சைப் பக்கத்தில் மடை, மதகு இரண்டில் பிள்ளைகள் வாயில் எது ஓடுகிறது? அடுத்த தவணை தொடங்குமுன் எழுதினால், இரண்டு சொற்களையும் இரண்டு வகுப்பில் வைத்துப் பார்த்து, எது பிள்ளைகளின் கொப்பிக்குள் தானாக வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர்